மேயர்ஹோல்ட்: ஒரு உரையும் ஒரு கடிதமும்

கொல்லப்பட்ட கலைஞன் சாவதற்கு முன்பு வீரவசனம் பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. ருஷ்ய நடிகரும் நாடக இயக்குநருமான வ்ஸெவலோத் மேயர்ஹோல்டுக்கும் அப்படி ஒரு வசனம் எழுதிக் கொடுக்கப்பட்டது. 1939 ஜூனில் மாஸ்கோவில் நடந்த இயக்குநர்கள் மாநாட்டில், சோவியத் நாடகத்தைச் சாகடித்துவிட்டீர்கள் என்று அதிகாரத்தின் முகத்துக்கு நேரே அவர் முழங்கினாராம். புலம்பெயர்ந்த யூரி எலாகினின் நூல் பரப்பிய சித்திரம் இது. பின்னர் கிடைத்த சுருக்கெழுத்துப் பதிவு வேறு மனிதரைக் காட்டுகிறது: தன் தவறுகளை ஒப்புக்கொண்டு, ஸ்டாலினைப் புகழ்ந்து பேசுகிற 65 வயதுக்காரர்.

இவரை என்ன செய்வது?

1874இல் பென்ஸா நகரில், வோத்கா ஆலை நடத்திய ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். 21 வயதில் மதப்பிரிவையும் பெயரையும் மாற்றிக்கொண்டார். 1898இல் மாஸ்கோ கலை அரங்கில் செகாவின் 'கடற்பறவை' மேடையேறியபோது, புதிய வடிவங்களுக்காகத் தவிக்கும் இளம் எழுத்தாளன் த்ரெப்லெவாக நடித்தார். நாடகம் முடிந்தும் அந்தத் தவிப்பு அவரை விடவில்லை. 1902இல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் அரங்கைவிட்டு வெளியேறினார். பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து அழுவதல்ல நடிப்பு. சரியாகப் பயிற்றப்பட்ட உடலின் அசைவிலிருந்து உணர்வு பிறக்கும் என்றார். 'பயோமெக்கானிக்ஸ்' என்று அவர் பெயரிட்டது இதைத்தான். 1922இல் க்ரோம்லிங்க்கின் நாடகத்தை அவர் மேடையேற்றியபோது திரைச்சீலையும் இல்லை, வர்ணத் தட்டியும் இல்லை. லியுபோவ் பபோவா வடிவமைத்த ஏணிகள், சறுக்குப் பலகை, சுழலும் சக்கரங்கள். அவற்றின்மேல் நீலநிற வேலையுடுப்பில் நடிகர்கள். அவ்வளவுதான்.

இவரை அப்பாவியாக்கவும் வேண்டாம். 1918இல் போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்தார். 1920இல் அரசின் நாடகத் துறைக்குத் தலைவரானதும் 'நாடகத்தில் அக்டோபர்' என்று முழக்கமிட்டு, பழைய அரங்குகளைப் புரட்சியின் பெயரால் தாக்கினார். எது புரட்சிகரமான கலை என்று மேலிருந்து தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அவரும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி பிறகு வேறு கைகளுக்குப் போயிற்று.

புதிய தீர்ப்பின் பெயர் 'உருவவாதம்'. நம் விமர்சனச் சண்டைகளிலும் அடிபட்ட சொல்தான். இங்கே அது ஒரு வசவு, அங்கே அது ஒரு குற்றப்பத்திரிகை. 1936 ஜனவரியில் ஷோஸ்தகோவிச்சின் ஓபெராவைக் கண்டித்த 'பிராவ்தா' கட்டுரை 'மேயர்ஹோல்டியம்' என்பதையே ஒரு நோயின் பெயரைப் போலப் பயன்படுத்தியது. 1938 ஜனவரியில் அவருடைய அரங்கு மூடப்பட்டது. அப்போது கூப்பிட்டு வேலை கொடுத்தவர், அவர் எதிர்த்து வெளியேறிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. கோட்பாட்டில் எதிரிகளாக இருந்தவர்கள் மனிதர்களாக மிஞ்சினார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் இறந்துபோனார்.

மாநாட்டில் பணிந்து பேசியதும் அவரைக் காப்பாற்றவில்லை. 1939 ஜூன் 20 அன்று லெனின்கிராதில் கைது. ஒரு மாதம் ஆவதற்குள் மனைவியும் நடிகையுமான ஜினைடா ரைஹ் மாஸ்கோ வீட்டில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சிறையில் மேயர்ஹோல்டைக் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்காலிலும் முதுகிலும் ரப்பர் பட்டையால் அடித்தார்கள். கன்றிப்போன இடத்திலேயே மறுபடியும் அடித்தார்கள். உளவாளி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். உடலிலிருந்து உணர்வுக்குப் போகும் வழி விசாரணை அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் 1940 ஜனவரியில் பிரதமர் மொலதோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடித்த விதத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் விவரித்து, வாக்குமூலம் பொய் என்றார். பிப்ரவரி 1இல் விசாரணை, மறுநாள் துப்பாக்கி. 1955இல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அவருடைய காகிதக் கட்டுகளைத் தன் வீட்டில் மறைத்துக் காப்பாற்றியவர் மாணவர் ஐசன்ஸ்டீன்.

மாநாட்டில் பணிந்தவரும் இவர்தான், கடிதம் எழுதியவரும் இவர்தான். முதலாமவரை மறைத்துவிட்டு இரண்டாமவருக்கு மட்டும் மாலை போட்டால், ஒரு பெரிய கலைஞனைக்கூடப் புகழ்பாட வைத்த அந்த பயம் எப்படி உற்பத்தியானது என்ற கேள்வி நம்மிடமிருந்து நழுவிவிடும். எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருக்கிறவர்களும் விடக்கூடாத கேள்வி அது.