சுரண்டைச் சீமையும் துப்பாக்கிக் கட்டையும்

தென்காசிக்கு வடகிழக்கே, குளத்துப் பாசன வயல்களும் மானாவாரிப் புஞ்சைகளும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் பரப்பில் அமைந்த சுரண்டையை இன்று ஒரு வியாபார ஸ்தலமாக மட்டுமே அறிந்தவர்களுக்கு, அது முற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது என்ற செய்தி வியப்பளிக்கக்கூடும். அண்டையில் ஊத்துமலை, மலையடிவாரத்தில் சொக்கம்பட்டி, அதற்கும் வடக்கே பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், அப்பால் சிவகிரி என்று, ஒரு நாள் நடையில் ஒன்றிலிருந்து இன்னொன்றை எட்டிவிடலாம் என்னும்படி நெருங்கியிருந்த இப்பாளையங்களில், ஆயுதப் பயிற்சி என்பது உழவையும் நெசவையும் போலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த ஒரு வித்தையாக இருந்தது. அந்த வித்தை எவ்வாறு அறுபட்டது என்பதையும், அதன் ஒரு கிளை, பறக்கும் மண்தட்டைச் சுடும் விளையாட்டாகத் தமிழ்நாட்டில் எவ்வாறு மறுபடி துளிர்த்தது என்பதையும் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஓடும் இலக்கை அடிப்பது தமிழர்க்குத் துப்பாக்கி வந்தபின் வந்த சாமர்த்தியமன்று. மறவர், கள்ளர் நாடுகளில் வழங்கிய வளரி என்னும் பிறைவடிவ எறியாயுதம், ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும், மரத்தாலோ இரும்பாலோ செய்யப்பட்டது. அதைக் கொண்டு பாய்ந்தோடும் முயலை வீழ்த்த வேண்டுமானால், முயல் இருக்கும் இடத்தை நோக்கி எறியாமல், அது சென்றடையப்போகும் இடத்தை நோக்கி எறிய வேண்டும். கும்பினிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர், 1830-ல் வெளியான தமது படைநினைவுகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதல் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையிலும் மருதுபாண்டியரை ஒடுக்கிய போரிலும் எதிர்த்தரப்பில் நின்றவர். குருவைத் தூக்கிலிட்ட படையின் சிஷ்யர் எழுதிவைத்த அந்தச் சில வரிகள் இல்லாதிருந்தால், அந்த வித்தை எவ்வளவு தாராளமாகப் பிறருக்கும் கற்பிக்கப்பட்டது என்பதே நமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

வளரிக்கு அடுத்தபடியாகப் பாளையங்களில் இருந்தது திரித்துப்பாக்கி. மருந்தையும் குண்டையும் குழல்வாயில் இட்டு இடித்து, புகையும் திரியின் நெருப்பைக் கிண்ணத்து மருந்தில் தொடச்செய்து சுடும் அந்த ஆயுதத்தின் கட்டை மெலிந்தும் நேராகவும் இருந்ததால், இன்றைய துப்பாக்கியைப் போல் அது தோளில் நிறைந்து உட்காரவில்லை. நிலைகொண்ட பகைவனைக் கோட்டைக் கொத்தளத்திலிருந்து சுடுவதற்கு அதுவே போதும். திரி மருந்தைத் தொடுவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையிலுள்ள தாமதத்தில் பறவை பறந்துபோய்விடும். எனவே பறப்பதைச் சுடுவது, நமது நாட்டில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும், துப்பாக்கியின் பொறி விரைவு பெற்ற பிறகே பரவியது.

அந்த விரைவு இந்தச் சீமைக்கு வந்துசேரும் முன்பே ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், கும்பினிப் படையின் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். 1801-ல் மறுபடி மூண்ட போர் முடிந்து மருது சகோதரர்கள் அக்டோபர் 24-ம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்சீமைப் பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதம் வைத்திருப்பதையே அடியோடு தடுத்தது. பாளையம் ஜமீனாக மாறியது. காவலுக்கு நின்ற குடிகள் கலப்பைக்குத் திரும்பினர். வாளும் வேலும் ஒரு தலைமுறையில் துருப்பிடித்திருக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே தலைமுறையில் இல்லாமற்போனதுதான் என்று நான் கருதுகிறேன். ஆயுதத்தை விலைக்கு வாங்கலாம். அப்யாச பரம்பரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த நிலையை நாடு முழுவதற்கும் நிரந்தரமாக்கியது. இந்தியர் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம், ஐரோப்பியருக்கோ விலக்கு. இந்த அநீதியைக் காங்கிரஸ் மகாசபை தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. வெள்ளை உத்தியோகஸ்தர்கள் பனிக்காலத்தில் வயல்வெளியில் உள்ளானையும் குளங்களில் கிளுவையையும் சுட்டுப் பொழுதுபோக்கிய அதே காலத்தில், காட்டுப்பன்றி அழிக்கும் பயிரைக் காக்க ஒரு குழல் துப்பாக்கிக்கு விண்ணப்பித்த மலையடிவார விவசாயி கச்சேரி வாசலில் காத்து நின்றார். ஜமீன் மாளிகைகளுக்கு இங்கிலாந்திலிருந்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் கல்கத்தா, சென்னைக் கடைகளின் வழியாக வந்து சேர்ந்தன என்பது உண்மையே. ஆயினும் அக்காலப் புகைப்படங்களைக் கூர்ந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: துப்பாக்கி பெரும்பாலும் ஜமீன்தாரின் முழங்காலருகே செங்கோலைப்போல் நிறுத்தப்பட்டிருக்கும்.

அது தோளில் ஏறாமல் அங்கே நின்றதன் காரணம் விளங்க, துப்பாக்கிக் கட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ரவைத் துப்பாக்கிக்கு முன்முனையில் ஒரு சிறு மணி உண்டே தவிர, ரைபிளுக்கு இருப்பதுபோல் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் கட்டையின்மேல் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் படிந்தால்தான் கண் குழலுக்கு நேராக நிற்கும். கட்டை உயர்ந்திருந்தால் ரவை மேலே போகும், தாழ்ந்திருந்தால் கீழே போகும், பக்கவாட்டு வளைவு பொருந்தாவிட்டால் இடப்புறமோ வலப்புறமோ விலகும். ஊர் ஆசாரி ஏருக்கு மேழி செதுக்கும்போது உழுபவனை நிறுத்தி அவன் கை படியும் உயரத்தைப் பார்த்தே செதுக்குவதைப் போல, இங்கிலாந்தின் துப்பாக்கித் தச்சர்கள், நீளம், தாழ்வு, பக்கச்சாய்வு மூன்றையும் திருகாணிகளால் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் அளவுத் துப்பாக்கியை வாடிக்கையாளரின் தோளில் ஏற்றிப் பார்த்து, பிறகே வாதுமைக் கட்டையைச் செதுக்கினார்கள். விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளம் நடுத்தர உயரத்தினர்க்குச் சுமார் பதினாலரை அங்குலம். பதினாறு கெஜ தூரத்தில் வெள்ளை பூசிய இரும்புத் தகட்டைச் சுட்டுப்பார்ப்பது அவர்களுடைய சோதனை. தகட்டில் ரவைக் கூட்டத்தின் மையம் குறியிலிருந்து ஓர் அங்குலம் விலகினால், கட்டையில் திருத்த வேண்டியது பதினாறில் ஒரு பங்கு அங்குலம். அதாவது, கட்டையில் கால் அங்குலப் பிழை இருந்தால், நாற்பது கெஜத்தில் ரவை பத்து அங்குலம் தள்ளிப்போகும்.

கம்பளிக் கோட்டின்மேல் ஏற்றுவதற்காக அளக்கப்பட்ட கட்டை, மெல்லிய மல் சட்டை அணிந்தவருக்குக் குட்டையாகிவிடும் என்பது இன்னொரு நுட்பம். அதைவிட முக்கியமானது கண். வலக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் பலருக்கு இடக்கண்ணே பிரதானமாக இருப்பதுண்டு. அப்படிப்பட்டவர் வலத்தோளில் துப்பாக்கியை ஏற்றி இரு கண்களையும் திறந்து சுட்டால், எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் ரவை பக்கத்தில்தான் போகும். விரலை நீட்டித் தூரத்துப் பனைமரத்தைச் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் பிரதானக் கண் எதுவென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இவ்வளவையும் பார்த்துச் சொல்ல ஆளில்லாமல், இன்னொருவர் தேகத்துக்கு அளந்த ஆயுதத்தை ஏந்தியவர்கள் குறிதவறியதில் வியப்பென்ன?

மண்தட்டு விளையாட்டின் பூர்வம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. கூண்டிலிருந்து உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் பந்தயமே அதன் மூலம். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போதுகூட அது நடந்தது. உயிர்வதைக்கு மாற்றாகக் கண்ணாடிப் பந்துகளை எறிந்து பார்த்தார்கள். அவை உடைந்து நிலமெங்கும் சில்லாகச் சிதறின. 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகௌஸ்கி, தட்டுவடிவில் சுட்ட மண் இலக்கை உருவாக்கினார். இன்று அது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து வார்க்கப்படுகிறது. பதினோரு சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. ஒலிம்பிக் முறையான ட்ராப்பில் தட்டு சுடுபவருக்கு எதிரே பதினைந்து மீட்டர் தொலைவில் உள்ள பள்ளத்திலிருந்து விலகிப் பறக்கும். இங்கிலாந்தில் வளர்ந்த ஸ்போர்ட்டிங் முறையிலோ வேட்டைக்காட்டின் எல்லா அசைவுகளும் அபிநயிக்கப்படுகின்றன: ஒரு தட்டு முயலைப்போல் தரையில் உருண்டோடும், ஒன்று, நமது குளங்களுக்குப் பனிக்காலத்தில் வந்திறங்கும் கிளுவையைப்போல் செங்குத்தாக எழும்பும்.

சுதந்திர இந்தியாவில், மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கரைத் தலைவராகக் கொண்டு 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் ஏற்பட்டது. பிக்கானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டைத் தட்டுப் போட்டியில் வெள்ளி வென்றார். தமிழ்நாட்டில் இவ்வித்தை துளிர்த்த இடம் புதுக்கோட்டை. 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்த தொண்டைமான் சமஸ்தானம் அது. ஆகவே அங்கே ஆயுதம் பறிக்கப்படவில்லை, பழக்கமும் அறுபடவில்லை. அக்குடும்பத்து வாரிசான பிருத்விராஜ் தொண்டைமான் 2023-ல் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலமும், அதே ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணிப் போட்டியில் தங்கமும் வென்று, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். அவருடைய சாதனை அவருடைய உழைப்பின் பலன். அதைத் தமிழர் அனைவரும் கொண்டாட வேண்டும். எனினும் ஊத்துமலையிலும் சொக்கம்பட்டியிலும் சுரண்டையிலும் அந்தப் பரம்பரை அறுபடாதிருந்தால் இன்னும் எத்தனை பெயர்களை எழுதியிருப்போம் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்தச் சீமையில் சுடும் பழக்கத்தோடு எஞ்சியிருந்தவர்கள் நரிக்குறவர்கள்தாம். நாட்டுத் துப்பாக்கியின் குழல்வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை அடைத்து இரும்புக் கம்பியால் கெட்டித்து, அவர்கள் குளக்கரைகளில் கொக்கும் நாரையும் சுட்டு வந்ததை முதியோர் அறிவர். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவர்கள் பாசிமணிக்கு மாறினர். சட்டம் அவசியமானதே, அதனால் பிழைப்பை இழந்தவர்களுக்கு ஈடு செய்யப்படவில்லை என்பது நமது சமூகத்தின் குறை. உரிமத் துப்பாக்கிகளோ, தேர்தல்தோறும் பெயர்ச்சீட்டுக் கட்டப்பட்டுக் காவல் நிலையத்து அலமாரியில் மாதக்கணக்காக ஓய்வெடுக்கின்றன.

கற்க விரும்பும் இளைஞனுக்கு முதற்பாடம் தோட்டாவில் இல்லை. வெற்றுத் துப்பாக்கியைக் கன்னத்துக்கும் தோளுக்கும் ஒரே அசைவில் கொண்டுவரும் பயிற்சியை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். சுடாத வேளையில் குழலை மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று அருகிலிருப்பவரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். தட்டு பறக்கும்போது குழலைப் பார்க்கலாகாது. மரத்துப் பறவையின் தலையை மட்டுமே கண்டதாக அர்ச்சுனன் துரோணரிடம் சொன்ன விடையே இங்கும் விடை. வேறுபாடு, இங்கே பறவை நிற்பதில்லை என்பதால், கண் தட்டிலேயே இருக்க, கைகள் குழலை அதன் முன்னே கடத்திச் சென்று, விசையை அழுத்திய பின்னும் வீச்சை நிறுத்தாதிருக்க வேண்டும். வளரியை வீசியவனின் மணிக்கட்டு அறிந்திருந்ததும் இதுவே.

இதற்கொரு களம் சுரண்டைச் சுற்றுவட்டாரத்தில் அமைவது அசாத்தியமன்று. சிறு ரவை விழும் எல்லைக்குச் சுமார் முந்நூறு கெஜம் ஆளில்லா வெளி வேண்டும். அத்தகைய தரிசுப் புஞ்சை இங்கே உண்டு. ஆனால் இடத்தைத் தேர்பவர்கள் குளத்து நீர்ப்பிடிப்பை விட்டு நெடுந்தூரம் விலக வேண்டும். ஏனெனில் ரவை ஈயத்தால் ஆனது, இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும் வாத்தினங்கள் அதையும் கல்லென்று எண்ணி விழுங்கி நஞ்சேறி மடியும்.