குவான் யின் வழிபாடு, பினாங்கு

குவான் யின் வழிபாடு என்பது கருணையின் வடிவமாகிய அவலோகிதேசுவர போதிசத்துவரைப் பெண்ணுருவில் வணங்கும் சீன பௌத்த மரபாகும். மலேசியாவின் பினாங்கில் இதன் பழமையான மையம், ஜார்ஜ்டவுனின் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில், முன்னாளில் பிட் ஸ்திரீட் எனப்பட்ட தெருவில், உள்ள கோயில். ஹொக்கியன் மக்களும் கான்டனிய மக்களும் சேர்ந்து 1800-ஐ ஒட்டி இதைக் கட்டினர். இரு தரப்பாருக்கும் இடையிலான சச்சரவுகளைத் தீர்க்கும் மன்றமாகவும் இது விளங்கியது. இதே சாலையில் தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் உள்ளன.

வழிபாடு மிக எளிமையானது. முழந்தாளிட்டவர், எண்ணிட்ட குச்சிகள் நிறைந்த மூங்கில் குழாயை, ஒரு குச்சி மட்டும் வெளியே விழும்வரை குலுக்குவார். பிறகு பிறை வடிவிலான இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் வீசுவார். ஒன்றின் தட்டைப் பக்கமும் மற்றொன்றின் வளைந்த பக்கமும் மேலே தெரிந்தால் அன்னை சம்மதித்தாள் என்று பொருள். இல்லையென்றால் மறுபடி குலுக்க வேண்டும். பிள்ளைப்பேறு, நோய், கடன், வியாபாரம் என்று அன்றாடக் கவலைகளே இங்கே கேள்விகளாகின்றன. சீன நாட்காட்டியின் இரண்டாம், ஆறாம், ஒன்பதாம் மாதங்களின் பத்தொன்பதாம் நாட்கள் குவான் யின் விழாக்கள்.

குவான் யின் தெய்வமா என்ற கேள்விக்கு பௌத்தத்தின் விடை நிதானமானது. உலகைப் படைத்த இறைவனை பௌத்தம் ஏற்பதில்லை. தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பிறப்பு இறப்புக்கு உட்பட்டவர்களே. போதிசத்துவரோ, துன்பப்படும் உயிர்கள் அனைத்தும் கரையேறும்வரை தாமும் காத்திருப்பதாக உறுதி பூண்டவர். குமாரஜீவர் 406-இல் சீனத்தில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் ஓர் அத்தியாயம், இவர் பெயரை நினைத்தவர் தப்பும் ஆபத்துகளை வரிசையிடுகிறது: தீ, வெள்ளம், கப்பல் சேதம், கொலைவாள், விலங்கு, கொள்ளையர். கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள் இவரைத் தாயாகக் கொண்டதில் வியப்பில்லை.

இந்தியாவில் இவர் ஆணுருவர். சீனத்தில்தான் படிப்படியாகப் பெண்ணுருப் பெற்றார். ஆனால் இவருடைய மலை தென்னாட்டில் இருந்தது என்பதைத் தமிழ் வாசகர் மறக்கக் கூடாது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிவரை வந்த சீனப் பயணி யுவான் சுவாங், மலய மலையை அடுத்த போதலகத்தில் அவலோகிதர் உறைவதாகக் கேட்டு எழுதினார். அது பொதிகையே என்று சூ ஹிகோசகா போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டுள்ளனர். வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியமோ, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகவே கூறுகிறது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகளில் அவலோகிதரும் உண்டு. அங்கிருந்த சூடாமணி விகாரத்தை எழுப்பியவன், பினாங்குக்கு எதிர்க்கரையான கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன். அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்தவன் முதலாம் இராசராசன். பினாங்குக் குவான் யின்னை இந்தத் தமிழ் அவலோகிதரின் நேர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. அவர் சீனம் சுற்றி வந்தவர். எனினும் தமிழகத்தில் வழிபாடு அற்றுப்போன ஒருவர், தமிழர் குடியேறிய ஊரில், மாரியம்மனுக்குக் கூப்பிடு தூரத்தில் இன்றும் வணங்கப்படுகிறார். என் நோக்கில், இந்தக் கோயிலைத் தமிழர் வரலாற்றிலும் சேர்த்துப் படிக்க இதுவே போதிய காரணம்.

இந்தக் கரையின் பௌத்தம் இங்குள்ள குவான் யின் வழிபாட்டைவிடப் பழையது. இன்றைய பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை பகுதியில் 1834-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லில், தூபி உருவத்துடன் மகாநாவிகர் புத்தகுப்தரின் சமஸ்கிருத வேண்டுதல் பொறிக்கப்பட்டுள்ளது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்கிறது. கல் இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிரம்மஞான சபையும் குவான் யின்னைத் தன் தத்துவத்துக்குள் எடுத்துக்கொண்டது. 1880 மே 25-இல் இலங்கையின் காலியில் பஞ்சசீலம் ஏற்ற அதன் நிறுவனர்கள் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882-இல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாக்கினர். பிளாவட்ஸ்கியின் ‘இரகசியக் கோட்பாடு’ (1888) குவான் யின்னைத் தெய்விகக் குரலாக, பிரபஞ்சத் தத்துவமாக விளக்குகிறது. மூங்கில் குழாய் குலுக்குபவரின் அன்னையிடமிருந்து இது வெகு தொலைவு. ஆனால் அடுத்த ஆண்டு வெளிவந்த ‘மௌனத்தின் குரல்’, தன் விடுதலையோடு நிற்கும் பாதையைவிட, அதைத் துறந்து பிறருக்காகத் திரும்பும் பாதையை உயர்த்துகிறது; அது போதிசத்துவ இலட்சியமேதான். தனிப்பட்ட படைப்புக் கடவுளை மறுத்ததிலும் பிளாவட்ஸ்கி பௌத்தத்தோடு ஒத்துப்போனார்.

பினாங்கின் ஆயிர் ஈத்தாமில் 1890-களில் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி கோயிலில், 30.2 மீட்டர் உயரமுள்ள வெண்கலக் குவான் யின் சிலை 2002-இல் நிறைவுற்றது. நகரின் தேரவாத பௌத்தம் புலாவ் திக்குஸ் பகுதியில் வேறு முகம் காட்டுகிறது. அங்கே 1803-இல் தோன்றிய பர்மியக் கோயிலும் 1845-இன் சயாமியக் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. 1918-இல் சிங்களவர் நிறுவிய மகிந்தாராம விகாரை கம்பார் சாலையில் உள்ளது. இம்மரபில் கருணை வேண்டிப் பெறும் அருளாக அன்றி, பயின்று வளர்க்கும் மனநிலையாகவே போற்றப்படுகிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கும் தியானப் பொருள்கள். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமக்கம் இதன் படிகளைச் சொல்கிறது. மைத்திரியில் முதலில் தன்னையும், பின் மதிப்புக்குரியவரையும், அன்பரையும், அன்பரும் பகைவரும் அல்லாத நொதுமலரையும், கடைசியாகப் பகைவரையும் நினைக்க வேண்டும். கருணைத் தியானமோ கண்ணெதிரே அல்லலுறும் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறது. பகைவரை நினைக்கும்போது சினம் எழுந்தால், முந்தைய படிகளுக்குத் திரும்பி மறுபடி பயில வேண்டும்.