பிணக்காடு முதல் பாப் டிலான் வரை: நியூயார்க்கின் ‘வில்லேஜ்’ கதை தெரியுமா?

பேர் என்னவோ ‘வில்லேஜ்’. ஆனால் இருப்பது நியூயார்க்கின் மன்ஹாட்டன் நடுவே! கவிஞர்கள், ஓவியர்கள், பாடகர்கள் கூடி வாழ்ந்த கிரீன்விச் வில்லேஜ் இப்படி மாறியது எப்படி?

பொஹீமியன் என்றால் என்ன?

ரோமானி நாடோடிகள் போஹேமியாவில் இருந்து வந்தவர்கள் என்று நினைத்து பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. 19-ம் நூற்றாண்டில், கையில் காசில்லாவிட்டாலும் தன் இஷ்டப்படி வாழும் கலைஞர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கோணல் மாணல் தெருக்கள்

1811-ல் மன்ஹாட்டனுக்கு நேர்கோட்டுத் தெருக்கள் திட்டமிடப்பட்டன. அதற்கு முன்பே உருவாகிவிட்ட வில்லேஜ் மட்டும் பழைய கோணலிலேயே நின்றுவிட்டது. இங்கே மேற்கு 4-வது தெரு, 10-வது தெருவையே குறுக்கே வெட்டிப் போகும்!

இதன் மையமான வாஷிங்டன் சதுக்கப் பூங்கா, 1797 முதல் 1825 வரை ஏழைகளின் இடுகாடு. மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களையும் இங்கேதான் புதைத்தார்கள்.

வாடகை குறைவு, சுதந்திரம் அதிகம்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வாடகை மலிவு. அதனால் கலைஞர்கள் குவிந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓ'நீலின் நாடகங்கள் 1916 முதல் மெக்டூகல் தெருவின் சிறிய அரங்கில் மேடையேறின. 1917 ஜனவரியில் மார்செல் டுஷாம்ப் உள்ளிட்ட சிலர் பூங்காவின் வளைவு மேல் ஏறி, வில்லேஜை ‘சுதந்திரக் குடியரசு’ என்றே அறிவித்தார்கள்.

பூங்காவுக்குள் ரோடா?

1950-களில் பூங்காவின் நடுவே ரோடு போட அதிகார பலம் மிக்க ராபர்ட் மோசஸ் திட்டமிட்டார். ஷெர்லி ஹேய்ஸ், ஜேன் ஜேக்கப்ஸ் எனப் பகுதிவாசிகள் விடாமல் எதிர்த்தார்கள். ரோடு வரவில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களும் நிறுத்தப்பட்டன.

பாட்டும் போராட்டமும்

1961 ஜனவரியில் பாப் டிலான் வந்து ‘கஃபே வா’வில் பாடினார். அதே ஆண்டு ஏப்ரலில், பூங்காவில் பாட அனுமதி மறுக்கப்பட்டதும் பாடகர்கள் திரண்டார்கள், சிலர் கைதானார்கள். சில வாரங்களிலேயே அனுமதி திரும்பக் கிடைத்தது.

1969 ஜூன் 28 அதிகாலை ‘ஸ்டோன்வால் இன்’ மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்தபோது, தன்பாலின ஈர்ப்பாளர்கள் பயந்து கலையாமல் எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் இங்கிருந்து சென்ட்ரல் பார்க் வரை பேரணி போனார்கள். 2016-ல் அந்த இடம் தேசிய நினைவிடமானது.

இப்போது எப்படி இருக்கிறது?

1969-லேயே 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களுடன் வில்லேஜ் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இடிக்கவோ, முகப்பை மாற்றவோ நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது கட்டடத்தைத்தான், வாடகைதாரரை இல்லை. அழகான பழைய வீடுகளுக்கு கிராக்கி கூடக் கூட, நகரின் காஸ்ட்லியான பகுதிகளில் ஒன்றாகிவிட்டது வில்லேஜ். இன்று கிட்டாரோடு வரும் 20 வயது இளைஞர் பூங்காவில் பாடலாம். பக்கத்துத் தெருவில் ஒரு ரூம் பிடிப்பதுதான் கஷ்டம்.