யாருடைய தூதர்? ஆர். கே. சண்முகம் செட்டியாரும் கொச்சியும்

'தூது' என்னும் சொல் அனுப்புவோர், செல்வோர், பெறுவோர் ஆகிய மூவரை வேண்டி நிற்பது. ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது, அனுப்பியவன் அதியமான் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1947க்கு முன் பன்னாட்டு அவைகளில் 'இந்தியா'வின் பெயரால் அமர்ந்தவர்களை அனுப்பியவர் யார்? கோயம்புத்தூரில் பிறந்த சண்முகம் செட்டியாரின் (1892–1953) பணிவாழ்வு இவ்வினாவை ஆராய ஏற்ற களம்.

1932இல் ஒட்டாவா பேரரசுப் பொருளாதார மாநாட்டிற்கு, அதுல் சட்டர்ஜி தலைமையிலான குழுவில் அவர் சென்றார். பேரரசு நாடுகள் தமக்குள் சுங்கச் சலுகை வழங்கிக்கொள்ளும் உடன்பாடு அங்கு உருவானது. அதனை மத்திய சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேசிய அவர், 1933இல் அம்மன்றத்தின் தலைவரானார். 1934 தேர்தலில் தோற்றார். ஒட்டாவா உடன்பாட்டை ஆதரித்ததே தோல்விக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அனுப்பியது அரசு, தீர்ப்பு வழங்கியவர்கள் வாக்காளர்கள்.

1935 முதல் 1941 வரை கொச்சியின் திவான். கொச்சித் துறைமுகம் பிரிட்டிஷ் இந்தியா, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய மூன்று அரசுகளின் நலன்கள் சந்தித்த இடம். 1936இல் அது பெருந்துறைமுகத் தகுதி பெற்றது. திவான் பதவியே ஒருவகைத் தூதுப்பணிதான்: மகாராஜாவின் அமைச்சராக இருந்துகொண்டே பேரரசோடும் பேச வேண்டும். 1938இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவருக்குச் சில துறைகளை ஒப்படைக்கும் சீர்திருத்தமும் அவர் காலத்தியதே. அதே ஆண்டில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாகவும் இருந்தார். தோப்பும்படியிலிருந்து பாலம் கடந்தால் வில்லிங்டன் தீவு. அதற்கப்பால் எர்ணாகுளக் கரையிலுள்ள சண்முகம் சாலை அவர் பெயரைத் தாங்கியது.

1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக் குழுவிலும் அவர் இடம்பெற்றார். குழுவின் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்னும் ஆங்கிலேயர். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குப் பட்ட கடனாகிய ஸ்டெர்லிங் இருப்பைத் தீர்க்க வழிவகை வேண்டும் என இந்தியத் தரப்பு வலியுறுத்தியது. பிரிட்டன் இசையவில்லை, கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1948இல், அதே கடனைக் குறித்துப் பேச அவர் லண்டன் சென்றார். இம்முறை விடுதலை பெற்ற நாட்டின் முதல் நிதியமைச்சராக, கடன் கொடுத்த நாட்டின் தரப்பில், குழுத் தலைவராக.

இவரைப் பேரரசின் கையாள் என்றோ தொலைநோக்குடைய தேசியர் என்றோ ஒரே பெயரில் அடக்குவது எளிது. அப்பெயர் 1932க்குப் பொருந்தினால் 1948க்குப் பொருந்தாது. ஆளும் பொருளும் பெரிதும் மாறவில்லை. அனுப்பிய அதிகாரம் மாறியது. குடியேற்றக் காலத் தூதர்களை ஆய்வோர், அவர் என்ன பேசினார் என்பதோடு, எவருடைய கட்டளையின்பேரில் பேசினார், மீறிப் பேச எவ்வளவு இடமிருந்தது என்பவற்றையும் ஆவணங்களில் தேட வேண்டும்.