விளையாட்டுத் திரைகளில் ஓஎல்இடி: வரலாறும் பயன்பாடும்

ஓஎல்இடி என்பது ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை வகையாகும். இதன் படத்தரம் தொடக்கம் முதலே பாராட்டப்பட்டது. எனினும் கணினி விளையாட்டுக்கு இதை வாங்குவோரிடம், திரை எத்தனை ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் என்ற தயக்கம் நீண்டகாலம் இருந்தது.

பின்னணி

பழைய சிஆர்டி திரைகளில் கருமை ஆழமாகவும் அசைவு தெளிவாகவும் தெரிந்தன. ஆனால் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். 1980-இல் வெளிவந்த பேக்-மேன் விளையாட்டு எந்திரங்கள் பலவற்றில், அணைத்த பிறகும் புதிர்வழியின் கோடுகள் தெரிந்தன. பின்னர் பரவிய எல்சிடி திரைகள் இச்சிக்கலைப் பெருமளவு நீக்கின. எனினும் அவற்றில் பின்னொளி தொடர்ந்து எரிவதால் இருட்டுக் காட்சிகள் சாம்பல் படிந்தவை போலத் தோன்றின. திரவப் படிகங்கள் நிலைமாறச் சில மில்லி நொடிகள் எடுப்பதால் வேகமான அசைவில் மங்கலும் ஏற்பட்டது.

வளர்ச்சி

1987-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவன ஆய்வாளர்கள் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரும் கரிமப் படலங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். 2007-இல் சோனி 11 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டெல் நிறுவனம் 2017-இல் விற்ற 30 அங்குலக் கணினித் திரையின் விலை 3,499 அமெரிக்க டாலர். அது பெரும்பாலான விளையாட்டாளர்களுக்கு எட்டாத விலை.

2022-இல் டெல்லின் ஏலியன்வேர் பிரிவு, சாம்சங் டிஸ்ப்ளே தயாரித்த பலகம் கொண்ட 34 அங்குலத் திரையை 1,299 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அதன் புதுப்பிப்பு வீதம் 175 ஹெர்ட்ஸ். தடம் பதிதலையும் உள்ளடக்கிய 3 ஆண்டு உத்தரவாதம் அதற்கு அளிக்கப்பட்டது. இதனால் தடம் பதியும் இழப்பு, அந்த 3 ஆண்டுகளுக்கேனும் வாங்குபவரிடமிருந்து தயாரிப்பாளருக்கு மாறியது. பிற நிறுவனங்கள் சிலவும் இத்தகைய உத்தரவாதத்தை அளிக்கத் தொடங்கின. 2024-இல் 240 ஹெர்ட்ஸ் வேகமுள்ள 32 அங்குல 4கே திரைகள் சந்தைக்கு வந்தன.

குறைபாடுகள்

கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்கிறது. நீல ஒளி தரும் பொருளே விரைவில் தேய்கிறது. விளையாட்டில் அசையாமல் நிற்கும் வரைபடம், மதிப்பெண் பட்டை, கணினியின் பணிப்பட்டை ஆகியவை இருக்கும் இடங்கள் மற்ற இடங்களைவிட வேறுபட்டுத் தேய்வதால் தடம் உண்டாகிறது. திரை முழுதும் வெண்மையாகும்போது வெளிச்சம் குறைகிறது. சில பலகங்களில் எழுத்துகளின் ஓரத்தில் நிறக்கசிவும் தெரியும்.

பொருத்தம்

இருட்டுக் காட்சிகள் மிகுந்த கதை விளையாட்டுகளையும் வேகப் போட்டிகளையும் மாறிமாறி ஆடுவோருக்கு ஓஎல்இடி கூடுதல் விலைக்கேற்ற பயன் தருகிறது. பகல் முழுதும் அதே திரையில் ஆவணங்களைத் திறந்து வைத்திருப்போருக்கும், ஒரே விளையாட்டை ஆண்டுக்கணக்கில் ஆடுவோருக்கும் எல்சிடி இன்றும் பாதுகாப்பான தேர்வாகும். எந்தத் திரையாயினும், உத்தரவாதத்தில் தடம் பதிதல் அடங்குகிறதா என்பதை வாங்கும் முன் உறுதிசெய்தல் வேண்டும்.