பழைய வெப்ளி வாங்குமுன்

கலூரில் என் பக்கத்து வீட்டுச் சேட்டன் லைசென்ஸோடு பழைய .32 வெப்ளி ரிவால்வர் தேடுகிறார். கான்பூர் அரசு ஆலையின் .32 இருக்கிறதே (அதுவும் வெப்ளி சாயல்தான்!), பழசு ஏன் என்கிறீர்களா? 1980-களில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு இறுக்கிவிட்டது. அதிலிருந்து, பர்மிங்ஹாமில் செய்தது என்றாலே விலை எகிறுகிறது. தேய்மானத்தை யார் பார்க்கிறார்கள்?

வெப்ளி நடுவில் மடிந்து திறக்கும். 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்க் 1-ம் அப்படித்தான். முதலில் திறந்து, எல்லா அறையும் காலிதானா என்று பாருங்கள். மூடிவிட்டுக் குழலை ஆட்டுங்கள். கீலோ மேல்கொக்கியோ தேய்ந்திருந்தால் கடகடக்கும். பிறகு சுத்தியலை மெல்லப் பின்னால் இழுங்கள். ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். விலகினால் குண்டு விளிம்பில் உரசி ஈயம் தெறிக்கும். பழைய மாடலுக்கு உதிரிபாகமோ குதிரைக்கொம்பு. சேட்டனுக்குப் பளபளப்புதான் பிடிக்கிறது :-)