வலமிருந்து இடம்: ஒரு விதியின் வரலாறு

கணிதம் பயிலும் மாணவர் இளமையிலேயே மனனஞ் செய்யும் விதியொன்றுண்டு. பெருக்கலும் வகுத்தலும் முன்னர்ச் செய்யப்படும். கூட்டலுங் கழித்தலும் பின்னர்ச் செய்யப்படும் என்பதே அது. நெடுங்காலம் வேரூன்றிய இம்மரபினைக் கைவிட்டு, எளியதோர் விதியினை நிலைநாட்டிய அறிஞர் ஒருவரின் முயற்சியும், அவ்விதி பின்னர் எதிர்கொண்ட சோதனைகளும் ஈண்டு ஆராயப்படும்.

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1920 ஆம் ஆண்டிற் பிறந்த கெனெத் ஐவேர்சன், ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கற்பித்த காலத்தில், கற்பித்தற்கு உதவும் குறியீட்டு முறையொன்றை வகுக்கத் தொடங்கினார். 1960 இல் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்த அவர், 1962 இல் அம்முறையினை நூலாக வெளியிட்டார். ஏ.பி.எல். என்னும் மொழி அந்நூலின் தலைப்பாலேயே பெயர் பெற்றது. எண்களைத் தனித்தனியே எடுத்தாளாது, அவற்றின் கூட்டங்களாகிய அணிகளை ஒருங்கே ஆளுதல் அதன் சிறப்பியல்பு. அடின் பல்கோவ் முதலியோரின் துணையுடன், 1966 இல் அது கணிப்பொறியில் வழங்கும் மொழியாயிற்று.

அம்மொழியிற் செய்கைகள் மிகப் பல. அவை ஒவ்வொன்றிற்கும் முன்பின் வகுப்பின், அப்பட்டியலை நினைவிலிருத்துதல் எவர்க்கும் அரிதாம். ஆதலின் ஐவேர்சன் செய்கைகள் யாவற்றையுஞ் சமமாகக் கொண்டார். ஒவ்வொரு செய்கையும் தன் வலப்புறத்துள்ள கோவை முழுவதின்மேலுஞ் செல்லும். அடைப்பு ஒன்றே அதனை மாற்ற வல்லது. எனவே 3×2+1 என்பது 7 ஆகாது 9 ஆகும்.

இதனாற் பயன் யாது? 5+2×3+2×2 என்பதை வலமிருந்து கணித்தால் 19 வரும். இது 5+3x+2x² என்னும் பல்லுறுப்பியில் x இற்கு 2 ஐப் பிரதியிட்ட விடையே. அடைப்பும் அடுக்கும் வேண்டப்படவில்லை. 9−4−3−1 என்பதோ 7 ஆகும். அஃதாவது 9−4+3−1 என மாறிமாறிக் கூட்டிக் கழித்த தொகையாகும். ஆயினும் பழைய வழக்கிற் பழகிய கண் இங்கு இடறும் என்ற குறை பொய்யன்று. 10−5−2 என்பதற்கு 3 என விடை கூறும் மாணவனை நாம் நகைத்தலாகாது. அவன் கற்ற விதி வேறு.

விதி எளிதாயினமையால், பொருளற்ற சொற்றொடர்கள் பல மொழியில் வெற்றிடங்களாய் எஞ்சின. பின்வந்தோரின் முன்மொழிவுகள் அவ்விடங்களையே நாடின. எண்களை அடுத்தடுத்து எழுதினால் அவை ஒரே நிரையாகும் என்பது முன்னரே உள்ள வழக்கு. 1980 களில் ஜேம்ஸ் பிரவுன் உருவாக்கிய ஏ.பி.எல். 2 இவ்வழக்கினைப் பெயர்களுக்கும் விரித்தது. எனினும் அதற்கொரு விலை கொடுக்கவேண்டியிருந்தது: 2 3 5 என்னும் நிரையை அடுத்து வருஞ் சுட்டடைப்பு முன்னர் நிரை முழுவதையுந் தழுவியது, புதிய மொழியில் இறுதி எண்ணை மட்டுமே தழுவிற்று. பழைய செய்நிரலின் பொருள் அவ்விடத்திற் பிறழ்ந்தது.

1989 இல் ஐவேர்சனும் மக்டொனலும் மற்றொரு வழி கண்டனர். தரவு ஏதுமின்றி மூன்று செய்கைகள் அடுத்து நிற்பின், இரு புறத்தனவும் தரவின்மேற் செல்ல, நடுவண் நிற்பது அவ்விரு விளைவுகளையும் இணைக்கும் என்றனர். கூட்டுத்தொகை, வகுத்தல், எண்ணிக்கை என்னும் மூன்றையும் அடுத்தெழுதினால் அதுவே சராசரியாயிற்று. முன்னர்ப் பிழையாய் நின்ற தொடரே பொருள் பெற்றமையாற் பழைய வாக்கியம் எதுவும் சிதையவில்லை. 1990 இல் ஐவேர்சனும் ரொஜர் ஹுயியும் ஆக்கிய ஜே மொழி இதனைக் கைக்கொண்டது, டயலொக் ஏ.பி.எல். 2014 இல் ஏற்றது.

1979 இல் டூரிங் விருது பெற்ற ஐவேர்சன், குறியீடு சிந்தனைக்குக் கருவியாகும் என்பதையே தம் விருதுரையின் பொருளாக்கினார். 2004 இல் அவர் மறைந்தார். பழகியதை விடுதற்குத் துணிவு வேண்டும். புதியதைப் புகுத்துவோர்க்கு முன்னோர் எழுதியதைச் சிதையாது காக்கும் பொறுப்பும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்தே இலக்கணம் வளரும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.